இரண்டாவது தலை

ஸேஃபோட் பீபிள்பிராக்ஸுக்கு இரண்டு தலை, மூன்று கை. பால்வீதி மண்டலத்தின் ஜனாதிபதி. 1978இல் பி.பி.சி. ரேடியோ 4இல் ஒலிபரப்பான நாடகத்தில் இந்த இரண்டாவது தலை சும்மா ஒரு வரியில் வந்து போயிற்று. வானொலியில் ஒரு ஆளுக்குக் கூடுதலாக ஒரு தலை வைக்கச் செலவே கிடையாது. மீதியைக் கேட்கிறவன் தன் மண்டைக்குள் பார்த்துக்கொள்வான். எழுதிய டக்ளஸ் ஆடம்ஸுக்கு அப்போது 26 வயது. என்றைக்காவது இதை யாராவது கண்ணுக்குக் காட்ட வேண்டிவரும் என்று கவலைப்படுகிற வயசில்லை.

மூன்றே வருஷத்தில் காட்ட வேண்டிவந்தது. 1981இல் பி.பி.சி. அதையே தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, மார்க் விங்-டேவி என்ற நடிகரின் தோளில் செயற்கைத் தலை ஒன்றை மாட்டினார்கள். விசை வைத்து ஆட்டுவதாக ஏற்பாடு. அது பெரும்பாலான காட்சிகளில், கல்யாண வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவழியும் மாமாவைப் போலத் தொங்கிக் கிடந்தது. 2005இல் சினிமா. ஸாம் ராக்வெல் முகவாயை நிமிர்த்தினால் அடியிலிருந்து இரண்டாவது முகம் எட்டிப் பார்க்கும், தாழ்த்தினால் ஒளிந்துகொள்ளும். கதைக்கு நடுவில் ஒரு சாமியார்-வில்லன் அந்தத் தலையைப் பிணையாகப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். படம் முடியும்வரை தயாரிப்பாளருக்கு ஒரு தலை மிச்சம். 27 வருஷத் தொழில்நுட்ப வளர்ச்சியில் அந்த ஒரு வரிக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அந்த நாடகத்தின் நாவல் வடிவமான ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ எனக்குக் கிடைத்தது மூர் மார்க்கெட்டில். மார்க்கெட் எரிந்துபோனது 1985இல்; அதற்குக் கொஞ்சம் முன்னால். பான் பதிப்பகத்தின் பேப்பர்பேக், பின்னட்டை பாதி கிழிந்தது. கடைக்காரர் அதை ‘டூரிஸ்ட் கைடு’களோடு அடுக்கியிருந்தார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. ஆடம்ஸுக்கு யோசனை உதித்ததே அப்படித்தான். 1971இல் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரக் அருகே ஒரு வயல்வெளியில் குடித்துவிட்டு மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஐரோப்பாவை ஓசிச் சவாரியில் சுற்றிப் பார்க்க உதவும் கையேடு. மேலே நட்சத்திரங்கள். இவற்றுக்கும் ஒரு கையேடு போட்டால் என்ன என்று தோன்றியதாம். இந்தக் கதையை அவர் பேட்டிகளில் எத்தனையோ தடவை சொல்லி, கடைசியில் நடந்தது ஞாபகமில்லை, சொன்னதுதான் ஞாபகமிருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டார்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். இங்கிலாந்தில் ஆர்தர் டெண்ட் என்றொரு சாதாரண ஆள். ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. பைபாஸ் ரோடு வரப் போகிறது. ஆர்தர் டிரெஸ்ஸிங் கவுனோடு அதன் முன்னால் சேற்றில் படுத்துக்கொள்கிறான். அவன் நண்பன் ஃபோர்டு வெளிக்கிரகத்துக்காரன். வீட்டை விடு, பூமியையே இன்னும் சில நிமிஷத்தில் இடிக்கப் போகிறார்கள், விண்வெளி பைபாஸுக்காக, என்கிறான். இடிக்கிறவர்கள் வோகான்கள், படிவம், முத்திரை, மூன்று நகல் தவிர வேறெதையும் மதிக்காத இனம். பூமி போய்விடுகிறது. இருவரும் தப்பி ஊர் ஊராக, கிரகம் கிரகமாக அலைகிறார்கள். அவ்வளவுதான் கதை. கதையை நிறுத்தி நிறுத்தி அந்தக் கையேடு குறுக்கே பேசும் பேச்சில்தான் எல்லாம் இருக்கிறது.

இடிப்பு அறிவிப்பு பற்றிய ஹாஸ்யம் எங்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது. ஆர்தர் வீட்டை இடிக்கும் திட்டம் மாதக்கணக்கில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. எங்கே? அலுவலகத்தின் நிலவறையில், விளக்கில்லாத, படிகள் இல்லாத இடத்தில், பூட்டிய பீரோவுக்குள், உபயோகத்தில் இல்லாத கழிப்பறையில், சிறுத்தை ஜாக்கிரதை என்று எழுதிய கதவுக்குப் பின்னால். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையை ரோடு அகலப்படுத்த எடுத்துக்கொண்டபோது, அறிவிப்பு ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பலகைக்கு முன்னால் ஆளுயர ரிக்கார்டு அலமாரி. தாத்தா எட்டிப் பார்க்க முயன்றதற்கு, “பெரியவரே, கவர்ன்மென்ட் ஃபைலைத் தொடாதீங்க” என்று அதட்டல் வேறு. ஆடம்ஸ் மிகைப்படுத்துகிறார் என்று லண்டன் விமரிசகர்கள் நினைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அது யதார்த்தவாதம்.

விண்வெளிப் பிரயாணி எப்போதும் ஒரு துண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அப்படியே. வெள்ளைக்காரனுக்கு அது விசித்திரம், சிரிக்கிறான். எங்கள் ஊரில் துண்டு இல்லாமல் வெளியே கிளம்பும் ஆளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரே இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. முதல் பக்கத்திலேயே மனித குலத்தை ஆடம்ஸ் கிண்டல் செய்கிறார்: டிஜிட்டல் கைக்கடிகாரத்தைப் பெரிய சாதனை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும் ஜாதி. அந்த வரியை நான் படித்தபோது என் மணிக்கட்டில் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கேஸியோ இருந்தது. பட்டனை அழுத்தினால் இருட்டில் விளக்கு எரியும். விடுதியில் பக்கத்து அறைக்காரர்கள்கூட ராத்திரி மணி கேட்க என்னிடம்தான் வருவார்கள். இந்த மனுஷன் அதைப் போய் இப்படி எழுதியிருக்கிறாரே என்று அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நாள் படிக்காமல் தாண்டினேன்.

கிண்டியில் கல்லூரி விடுதியில் என்னோடு படித்த நண்பனுக்கு லண்டனில் டாக்டராக ஒரு அண்ணன். அவர் வானொலியிலிருந்து பதிவுசெய்த கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் பீட்டர் ஜோன்ஸின் குரலை முதலில் கேட்டோம். கையேடாக அவர் பேசுவார். அவசரமே படாத, எதற்கும் ஆச்சரியப்படாத, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பழைய மாணவனிடம் பேசுகிற குரல். உலகம் அழிந்ததையும் தேநீர் ஆறியதையும் ஒரே சுருதியில் சொல்வார். எங்களுக்கு அந்தக் குரல்தான் கதாநாயகன்.

நண்பனின் அண்ணன் ஒரு ஏரோகிராமில் போகிற போக்கில் எழுதியிருந்தார், இதை ஹாலிவுட்டில் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு விடுதி மொட்டை மாடியில் நாங்களே தமிழில் எடுக்க ஆரம்பித்துவிட்டோம். ஆர்தருக்கு நாகேஷ், விவாதமே இல்லை. புல்டோசரோடு வரும் அதிகாரி தேங்காய் சீனிவாசன். தான் எழுதிய கவிதையை வாசித்தே கைதிகளைச் சித்திரவதை செய்யும் வோகான் தலைவனுக்கு அசோகன். அவர் காலமாகிவிட்டார் என்பது எங்களுக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. கையேட்டின் குரலுக்கு நண்பன் சொன்ன யோசனை இன்றுவரை தோற்கடிக்கப்படவில்லை: டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி. “மச்சி, பூமி அழிஞ்சுபோச்சுங்கிறதை அவங்க வாசிச்சாத்தான்டா நம்ப முடியும்” என்றான்.

எங்கள் படம் அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. ஹாலிவுட் படத்துக்கு 23 வருஷம் ஆயிற்று.

1982இல் ஐவன் ரைட்மன் குழுவுடன் ஆடம்ஸ் ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருஷம் மூன்று தடவை திரைக்கதை எழுதிக் கொடுத்தார். ஃபோர்டு வேஷத்துக்கு பில் மர்ரியோ டான் அய்க்ராய்டோ என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து அய்க்ராய்ட், பேய் பிடிக்கிற ஆட்களைப் பற்றித் தன் கதை ஒன்றை அனுப்பினார். எல்லோரும் அதை எடுக்கப் போய்விட்டார்கள். 1984இல் வெளியான ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ அதுதான். சில வருஷம் கழித்து வாடகை வி.சி.ஆரில் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் படத்தைச் சாப்பிட்டுத்தான் அது வளர்ந்தது என்று அப்போது தெரியாது.

ஆடம்ஸையும் சும்மா சொல்லக்கூடாது. தாமதத்தில் ஹாலிவுட்டுக்குச் சற்றும் சளைத்தவரில்லை. முதல் நாவலே திடுதிப்பென்று முடிவதற்குக் காரணம், கெடு தாண்டி வெகுநாளாகிப் பதிப்பகத்தார் பொறுமை இழந்து, எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு முடியுங்கள், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதுதான் என்பார்கள். நான்காவது நாவலுக்கு பான் பதிப்பகத்தின் ஸன்னி மேத்தா, நம் நாட்டுக்காரர், லண்டன் ஓட்டல் அறை ஒன்றில் அவரைக் குடிவைத்துத் தானும் கூடவே தங்கிக் காவல் காத்தார். இவர் உள்ளே தட்டச்சு, அவர் வெளியே வீடியோவில் படம். அப்படி வந்ததுதான் 1984இல் ‘ஸோ லாங், அண்ட் தேங்க்ஸ் ஃபார் ஆல் த ஃபிஷ்’. சினிமாவில் இப்படிக் கதவைச் சாத்திக் காவல் காக்க ஆள் கிடைக்கவில்லை.

அதே 1984இல் இன்ஃபோகாம் என்ற கம்பெனி இந்தக் கதையைக் கணினி விளையாட்டாக வெளியிட்டது. படமே கிடையாது. திரையில் வெறும் எழுத்து. நாம் தட்டச்சு செய்ய வேண்டும், அது நக்கலாகப் பதில் சொல்லும். அமோக விற்பனை. காட்டவே முடியாத விஷயங்கள்தான் இந்தக் கதையின் சொத்து என்பதற்கு ஹாலிவுட்காரர்களுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவர்கள் விளையாடியிருக்க மாட்டார்கள்.

சிரிப்பும் அறிவியலும் சேர்ந்தால் டிக்கெட் விற்காது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1997இல் ‘மென் இன் பிளாக்’ ஓடியது. உடனே, இதே மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். ஆடம்ஸ் பதினைந்து வருஷமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். டிஸ்னி வாங்கிற்று. ‘ஆஸ்டின் பவர்ஸ்’ எடுத்த ஜே ரோச் இயக்குநர் என்று பேச்சு. பிறகு மறுபடி மௌனம்.

அந்த மௌனத்தில் ஆடம்ஸ் அனுப்பிய ஒரு கடிதம் அவர் இறந்தபின் வெளியான ‘த ஸால்மன் ஆஃப் டவுட்’ தொகுப்பில் இருக்கிறது. 1999 ஏப்ரலில் டிஸ்னியின் டேவிட் வோகலுக்கு எழுதியது. உங்களோடு பேச முயன்றேன், முடியவில்லை, உங்களாலாவது என்னைப் பிடித்துவிட முடியும் என்று ஆரம்பித்து, எண்களாக அடுக்குகிறார். வீடு, அலுவலகம், குடும்பத்தார், பக்கத்து வீடு, வழக்கமாகச் சாப்பிடப் போகும் இடங்கள், கடைசியில் மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்; அங்கே கூப்பிட்டால் மைக்கில் அறிவித்து என்னை வரவழைப்பார்கள் என்று உத்தரவாதம். என் வரையில் ஆடம்ஸ் எழுதிய மிகச் சிறந்த வோகான் காட்சி இதுதான். கோடிக்கணக்கான வாசகர்களைப் பெற்ற எழுத்தாளன், தன் கதையைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடமே, ஒரு போன் போடுங்கள் என்று மனுப் போடுகிறான். சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்; சிரிப்பும் வருகிறது.

ஹாலிவுட்டில் படம் எடுப்பது பற்றி அவர் சொன்னது பிரசித்தம்: மாமிசத் துண்டு ஒன்றை வேகவைப்பதற்காக ஆட்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து அதன் மேல் மூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். அருகில் இருந்தால் காரியம் நடக்கும் என்று குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்கே குடிபெயர்ந்தார். 2001 மே 11 அன்று அங்கே உடற்பயிற்சிக்கூடத்தில் மாரடைப்பு. வயது 49. இரண்டு வாரம் கழித்து, மே 25 அன்று, உலகம் முழுக்க ரசிகர்கள் ஆளுக்கொரு துண்டோடு வெளியே போனார்கள். வருஷாவருஷம் இன்னும் போகிறார்கள்.

இங்கேயும் அந்த வாசனை உண்டு. ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் பேசவைத்த சுஜாதா, ‘எந்திரன்’ வேலையில் இருந்தார். கமல் என்றார்கள், ஷாருக் என்றார்கள், கடைசியில் ரஜினி. படம் வந்தது 2010 அக்டோபரில். சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே போய்விட்டார். சிரிக்கத் தெரிந்த ரோபோக்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நடுவில் என்ன பகையோ.

ஆடம்ஸ் விட்டுப்போன திரைக்கதையை ‘சிக்கன் ரன்’ எழுதிய கேரி கிர்க்பாட்ரிக் முடித்துக் கொடுத்தார். ஸ்பைக் ஜோன்ஸைக் கேட்டதற்கு, தான் மாட்டேன் என்று சொல்லி, மியூசிக் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கார்த் ஜென்னிங்ஸைக் கைகாட்டினார். 2005 ஏப்ரல் 28 லண்டனில், மறுநாள் அமெரிக்காவில் வெளியீடு. நண்பன் அப்போது டாலஸில் இருந்தான். முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டான். இங்கே விடிகாலை.

“கெடுத்துட்டாங்கடா.”

“என்னாச்சு?”

“சிறுத்தையைக் காணோம்.”

தூக்கக் கலக்கத்தில் யாரோ வண்டலூரிலிருந்து பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு விளங்கிற்று.

எனக்குப் படம் கிடைத்தது பர்மா பஜாரில், கேஸியோ வாங்கிய அதே வரிசையில், பாலிதீன் உறையில் போட்ட டி.வி.டி. உறையில் வேறு படத்தின் சுருக்கம் அச்சிட்டிருந்தது. டால்ஃபின்கள் மனிதர்களுக்கு விடைகொடுத்துப் பாடும் பாட்டோடு ஆரம்பித்தது, பிரமாதமாக இருந்தது. பிறகு புல்டோசர் வந்தது. ஆர்தரும் அதிகாரியும் பேச ஆரம்பித்தார்கள். நிலவறை வரைக்கும் போயிற்று பேச்சு. அதற்குமேல் போகவில்லை. பீரோ இல்லை, கழிப்பறை இல்லை, சிறுத்தை இல்லை. படிப்படியாக இறங்கி இறங்கி, கடைசிப் படியில் சிறுத்தை இருப்பதால்தான் அது ஹாஸ்யம். பாதிப் படியில் நிறுத்தினால் வெறும் நிலவறை. இருபது வினாடி மிச்சம் பிடித்திருப்பார்கள். இந்தப் பாவத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ரசிகர்களின் மற்றக் குற்றச்சாட்டுகள் வேறு மாதிரி. ஆடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எம்.ஜே. சிம்ப்ஸன் படத்தை நார் நாராகக் கிழித்தார். அந்த அடியைப் பின்பற்றி நண்பன் எனக்குப் பக்கம் பக்கமாக மின்னஞ்சல் அனுப்பினான். ஜான் மால்கோவிச் நடித்த சாமியார்-வில்லன் நாவலில் கிடையாது, ஹாலிவுட் செருகல். சுட்டால் எதிராளிக்கு நம் மனசு புரிந்துவிடும் துப்பாக்கி நாவலில் கிடையாது, ஹாலிவுட் அபத்தம். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. சாமியார், ஆடம்ஸ் படத்துக்காகவே புதிதாக எழுதிய பாத்திரம். துப்பாக்கி, ஆடம்ஸ் படத்துக்காகவே புதிதாக யோசித்த ஆயுதம். இதை நண்பனுக்கு எழுதினேன். ஒரு வாரம் பதிலில்லை. பிறகு ஒரே வரி வந்தது: “அப்படின்னா ஆடம்ஸும் கெடுத்துட்டார்.”

இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. எதைக் கெடுத்தார்? 1978இல் வானொலி. 1979 மேயில் லண்டனில் கென் கேம்பெல் மேடையேற்றினார். பார்வையாளர்கள் எண்பது பேரை மேடையோடு உட்காரவைத்து, அடியில் காற்றைச் செலுத்தி, தரையில் மிதக்கவிட்டுக் காட்சிக்குக் காட்சி நகர்த்தினார். அதே வருஷம் அக்டோபரில் நாவல், இடையில் இசைத்தட்டு, 1981இல் தொலைக்காட்சி, 1984இல் விளையாட்டு. ஒன்றில் நடந்தது இன்னொன்றில் நடக்காது. வானொலியில் ஒரு இடத்தில் முடிந்தது நாவலில் வேறு இடத்தில் முடியும். ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று ஆடம்ஸே முன்னுரையில் பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறார், கொஞ்சம் பெருமையோடு. மூன்று பாகம் என்று ஆரம்பித்த நாவல் வரிசை ஐந்தாகியும் அட்டையில் முத்தொகுதி என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் இருந்தவரை இந்தக் கதை ஒரு நாளும் அசையாமல் நின்றதில்லை. நாங்கள்தான் மூர் மார்க்கெட் பிரதிக்கு முத்திரை குத்தி, இது மூலம், மற்றவை நகல், மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கவும் என்று மேஜை போட்டு உட்கார்ந்தோம். வோகான்களின் தலைமையகத்தில் ஆர்தர் படிவத்தோடு வரிசையில் நிற்கும் காட்சி படத்தில் வருகிறது. அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஜிம் ஹென்ஸன் பட்டறை செய்த அந்தப் பெருத்த ரப்பர் முகங்களைப் பார்த்தபோது, எனக்கு நண்பனின் மின்னஞ்சல்கள்தான் ஞாபகம் வந்தன. அந்த வரிசையில் பழைய தொலைக்காட்சித் தொடரின் தகர ரோபோ மார்வின் நிற்கிறது. ரசிகர்களைச் சமாதானப்படுத்த வைத்தது. நண்பன் அதைக் கவனித்தான், சமாதானம் ஆகவில்லை.

படத்தில் எனக்குப் பிடித்தது கிரகங்கள் தயாரிக்கும் தொழிற்கூடம். பில் நை ஆர்தரைத் தள்ளுவண்டி மாதிரி ஒன்றில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார். சுவர் முடிந்து திடீரென்று பிரபஞ்ச அளவுக்கு ஒரு கட்டுமானத் தளம் விரிகிறது, பாதி கட்டிய கிரகங்கள் தொங்குகின்றன. இதை வானொலியால் செய்ய முடியாது, நாவலாலும் முடியாது. அழுமூஞ்சி ரோபோ மார்வினுக்கு ஆலன் ரிக்மன் குரல். உடைக்குள்ளே வார்விக் டேவிஸ். பிடிக்காதது காதல். ஆர்தருக்கும் கதையில் வரும் டிரில்லியன் என்ற பெண்ணுக்கும் நடுவில் அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆர்தர் கதையில் எதையும் சாதிக்காத ஆள். அவனுக்கு வேண்டியது ஒரு கோப்பைத் தேநீர். அவனைக் கதாநாயகனாக்கி, பெண்ணை மீட்கவைத்து, உண்மை அன்பைக் கண்டுபிடிக்கவைத்தால் நாகேஷுக்கு ஜெமினி கணேசன் வேஷம் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஆர்தராக நடித்த மார்ட்டின் ஃப்ரீமன் பாவம், முடிந்தவரை நாகேஷாகவே இருந்து பார்த்தார்.

கையேட்டின் குரல் இப்போது ஸ்டீஃபன் ஃப்ரை; ஆடம்ஸின் சிநேகிதர். நல்ல குரல். ஆனால் சினிமாவில் அது பேசுகிற ஒவ்வொரு தடவையும் கதை நிற்கிறது, நின்றால் தயாரிப்பாளருக்குப் பதைக்கிறது, உடனே வெட்டு. 1981இல் கையேட்டின் திரைப் படங்களை ராட் லார்ட் குழு கணினி வரைந்த மாதிரி தோன்றும்படி கையால் வரைந்தது. கணினிக்கு அப்போது அவ்வளவு சாமர்த்தியம் போதாது. பரிசும் வாங்கினார்கள். இப்போது கணினி எதையும் வரையும். அதற்கு நேரம் தர ஆளில்லை.

என் மகள் படத்தைத்தான் முதலில் பார்த்தாள், போனில், ரயிலில் வரும்போது. ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் என் பழைய பிரதியை எடுத்துப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

“அப்பா, இதுல நிறைய விட்டிருக்காங்க.”

“எதும்மா?”

“அந்தப் பாயிண்ட் ஆஃப் வியூ கன் வரவே இல்லை. சாமியார் இல்லை. ஆர்தரும் டிரில்லியனும் சேரவே மாட்டேங்கறாங்க. படத்துல எவ்ளோ நல்லா முடிச்சிருந்தாங்க!”

டாலஸுக்குப் போன் போட்டு இதை வாசிக்கலாமா என்று நினைத்தேன். அவனுக்கு ரத்த அழுத்தம், விட்டுவிட்டேன்.

அவளுக்குப் புத்தகத்தில் சிரிப்பே வராத இடம், எங்களுக்கு அதிகம் வந்த இடம். பிரபஞ்சத்தின் சகல விஷயங்களும் அடங்கிய, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் கருவி. கேட்டதற்கு நாலைந்து வரியில், அடிக்கடி தப்பாக, ஆனால் துளி சந்தேகமில்லாத குரலில் பதில் சொல்லும். 1983இல் இதை மொட்டை மாடியில் உரக்கப் படித்து உருண்டோம். அவள், “இதுல ஜோக் எங்க இருக்கு?” என்றாள். கையில் அதுவே இருந்தது. டிஜிட்டல் கடிகார வரியை மட்டும் ரசித்தாள். அவள் கடிகாரம் அந்த நேரம் பார்த்து அதிர்ந்து, வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறாய், எழுந்து நட என்றது. எழுந்து நடந்துகொண்டே மீதியைப் படித்தாள்.

படம் போட்ட பணத்துக்கு மேலேயே எடுத்தது; ஆனால் கடைசிக் காட்சியில் எல்லோரும் பிரபஞ்சத்தின் முடிவில் இருக்கும் உணவு விடுதிக்குக் கிளம்புகிறார்களே, அங்கே போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் பாகம் வரவில்லை. 2019இல் ஹுலுவுக்காகத் தொடராக எடுக்கப் போவதாகவும், ‘லாஸ்ட்’ தொடரின் கார்ல்டன் கியூஸ் பொறுப்பு என்றும் செய்தி வந்தது. இன்னும் கண்ணில் படவில்லை. செய்தி வந்த அன்றைக்கே நண்பன் கூப்பிட்டான். தலையை இந்தத் தடவை எங்கே வைப்பார்கள் என்பதில் ஆரம்பித்து, தேநீர், சிறுத்தை, குரல் என்று எடுக்காத தொடரின் குறைகளை முக்கால் மணி நேரம் அலசினோம். சரோஜ் நாராயணசுவாமியை யாராவது கேட்டார்களா என்று அவன்தான் மறுபடி ஆரம்பித்தான்.